கட்டைப்பைக்குள் பதினேழு போன்கள்

காலை ஐந்தரை மணியிலிருந்து ஏழு மணி வரை நான் படிப்பேன். கைப்பேசிச் செயலிகள் எழுதுவது என் தொழில். இந்தத் தொழிலில் ஆறு மாதம் படிக்காமல் விட்டால், நேற்று வரை ஓடிய செயலி இன்று சில போன்களில் திறக்காது. ஆண்டுக்கு ஒருமுறை இயங்குதளம் மாறும். இன்ன நாளுக்குள் உன் செயலியைப் புதுப்பிக்காவிட்டால் புதிய போன்களுக்கு அது காட்டப்படாது என்று கடிதம் வரும். அதனால் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கம், துறையில் புதிதாக வந்தது. வலப்பக்கம், அதனால் என் செயலிகளில் நான் மாற்ற வேண்டியது.

நோட்டு தொடங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு நிறுவனத்தின் நேர்காணலில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓர் இளைஞர் ஒரு முறையின் பெயரைச் சொல்லி அதைப் பற்றிக் கேட்டார். நான் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. பேசாமல் இருந்தேன். அவர் மரியாதையாக அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வேலை கிடைக்கவில்லை. அந்த மௌனம் இன்னொரு முறை வரக் கூடாது என்றுதான் அடுத்த நாள் காலை நோட்டைத் திறந்தேன். போடியில், மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, வெளியூர் நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கிறவன் நான். நான் பின்தங்கிவிட்டேன் என்று எனக்குச் சொல்ல இங்கே யாரும் இல்லை. நானேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

யாரும் கேட்டு வாங்காமல் நான் எழுதிய செயலி ஒன்று உண்டு. அதை என் மதினிக்காக எழுதினேன்.

மதினி என் அண்ணனின் மனைவி. அண்ணன் இறந்து ஏழு வருடமாகிறது. சிலமலையில் மகளோடு இருக்கிறார். மகள் போடியில் கல்லூரிக்குப் போகிறாள். அண்ணன் போன மறு வருடத்திலிருந்து மதினி போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறார். விடிவதற்கு முன் ஜீப் வரும். சிலமலையிலும் பக்கத்திலும் ஏறுகிறவர்கள் பதினேழு பெண்கள், இரண்டு ஜீப். சாயங்காலம் ஆறரைக்குத் திரும்புவார்கள். மெட்டுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் பல இடங்களில் சிக்னல் கிடையாது. மழைக்காலத்தில் பாதையில் மண் சரியும், சில வாரங்களில் யானை இறங்கும். வண்டி பத்து நிமிடம் பிந்தினாலும் பதினேழு வீட்டிலும் பதற்றம்தான்.

"தம்பி, ஊருல எல்லாருக்கும் ஆப்பு செஞ்சு குடுக்கிற. நாங்க வண்டியில ஏறிட்டோம்னு எங்க வீட்டுக்குச் சொல்ற மாதிரி ஒன்னு செய்ய மாட்டியா?" என்று மதினி ஒரு தீபாவளிக்குக் கேட்டார்.

செய்தேன். திறந்தால் பெரிய பச்சைப் பட்டன் ஒன்று. 'ஏறிட்டேன்.' வண்டியில் ஏறியதும் அதை அமுக்க வேண்டும். போன் அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். மெட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குச் செய்தி போகும். ஊர் வந்ததும் 'இறங்கிட்டேன்' என்று இன்னொரு பட்டன். பதினேழு பேரும் பழகிக்கொண்டார்கள். இரண்டு வருடம் ஓடியது. அந்தச் செய்திகளின் நகல் எனக்கும் வரும். சாயங்காலம் ஐந்தே கால் வாக்கில் என் மேசையில் போன் பதினேழு முறை அதிரும்.

குறை ஒன்றுதான். மதினியும் மற்றவர்களும் சில நாள் ஊரில் 'இறங்கிட்டேன்' அமுக்க மறந்துவிடுவார்கள். மறுநாள் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து எனக்குப் போன் வரும். அந்தச் சமயத்தில் என் நோட்டின் இடப்பக்கம் ஒரே விஷயம்தான் நிரம்பிக்கொண்டிருந்தது. பட்டன்களின் காலம் முடிகிறது. பயன்படுத்துகிறவர் எதையும் தொடாமலே செயலி தானாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் எல்லாப் பேச்சிலும் இருந்தது. போன் எங்கே இருக்கிறது, நிற்கிறதா, நடக்கிறதா, வண்டியில் போகிறதா என்று புதிய இயங்குதளம் தெளிவாகச் சொல்லும். வாடிக்கையாளர் ஒருவரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் மலைச் செயலியில் செய்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

ஒன்றரை மாதம் எழுதினேன். எஸ்டேட்டின் எல்லையை வரைபடத்தில் குறித்தேன். மாலையில் போன் வண்டியின் வேகத்தில் அந்த எல்லையைக் கடந்தால் 'ஏறியாச்சு'. ஊருக்குள் வந்து வேகம் நின்றால் 'இறங்கியாச்சு'. பஸ்சில் போடிமெட்டுக்குப் பதினொரு முறை போய்த் திரும்பிச் சோதித்தேன். பதினொரு முறையும் சரியாக வேலை செய்தது. பதினான்கு பக்கக் குறிப்பு எழுதினேன். ஆவணி கடைசியில் எல்லோர் போனிலும் புதிய பதிப்பு ஏறியது. பச்சைப் பட்டனை எடுத்துவிட்டேன். யாரும் குறை சொல்லவில்லை. மறந்துவிட்டதாக ஒரு போன்கூட வரவில்லை.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை. மத்தியானத்திலிருந்தே மலையில் மழை. நான்கு ஐம்பத்திரண்டுக்கு மதினி 'ஏறியாச்சு' என்று பதிவாகியிருந்தது. ஆறு இருபத்தைந்துக்கு 'இறங்கியாச்சு' வந்தது. ஆறு நாற்பதுக்கு அண்ணன் மகள் கூப்பிட்டாள்.

"சித்தப்பா, இறங்கியாச்சுன்னு மெசேஜ் வந்து கால் மணி நேரம் ஆச்சு. அம்மாவக் காணோம்."

நான் கணினியில் பார்த்தேன். பாதை முழுவதும் சீராகப் பதிவாகியிருந்தது. மெட்டு, போடி, சிலமலை. ஓரிடத்திலும் பிசகில்லை.

"ஊருக்குள்ள வந்துட்டாங்கம்மா. கடையில நின்னு பேசிக்கிட்டு இருப்பாங்க. மழை வேற. கொஞ்சம் பொறு."

"போயி பாக்கட்டா?"

"நனையாத. வந்துருவாங்க."

அவள் பொறுத்தாள். நான் வேறு வேலையில் இறங்கினேன். ஏழு மணிக்கு மறுபடி கூப்பிட்டபோது அவள் குரல் மாறியிருந்தது. பின்னால் வேறொரு பெண்ணின் குரலும் கேட்டது. மதினியோடு வேலைக்குப் போகிறவர், முன் ஜீப்பில் வருகிறவர், மதினியின் போனைக் கொடுத்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்திருந்தார்.

"சித்தப்பா, அம்மா போனு இந்த அக்காகிட்ட இருக்கு. அம்மா பின்னாடி வண்டியில வருதுன்னு இவங்க நெனைச்சிருக்காங்க. பின்னாடி வண்டி வந்து போயிருச்சு. அதுல வந்தவுக, முன் வண்டியில ஏறிருச்சுன்னு நெனைச்சோம்ங்கிறாங்க."

என் செயலி பின்தொடர்ந்தது ஒரு போனை. மதினி மலையில் இருந்தார். அந்த வாரம் அந்தச் சரிவில் யானை நின்றதை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்டேட் மேலாளரைக் கூப்பிட்டேன். நான்கு முறை அடித்து ஐந்தாவது முறை எடுத்தார். அவர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். நான் முடிப்பதற்குள், "இங்கே லயத்து வீடுகளில் ஆள் இருக்கு. டார்ச் எடுத்துட்டுப் போறோம். நீங்கள் வாங்கோ" என்று வைத்துவிட்டார். முன் ஜீப் ஓட்டுகிறவர் சிலமலையிலிருந்து திரும்பி வந்து என்னைப் போடியில் ஏற்றிக்கொண்டார். அண்ணன் மகள் ஏற்கனவே வண்டியில் இருந்தாள்.

மழையில் வளைவுகள் ஒவ்வொன்றாக ஏறினோம். நான் மடியில் கணினியை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மதினியின் போன் எங்கெங்கே இருந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். காலை ஏழேகாலிலிருந்து மாலை நான்கரை வரை அது ஒரே இடத்தில் அசையாமல் இருந்தது. பதினேழு போன்களும் அதே இடத்தில் அசையாமல் இருந்தன.

"என்னண்ணே அதுல?" என்றார் ஓட்டுநர்.

"காலையில எந்தப் பக்கம் வேலை செஞ்சாங்கன்னு தெரியுதான்னு பாக்குறேன்."

"அத மூடுங்கண்ணே. வெளிச்சம் கண்ணாடியில அடிக்குது. எந்தப் பக்கம் வேலைன்னு என்னைக் கேட்டாச் சொல்லிட்டுப் போறேன். ஓடைக்கு மேக்க, பாறைக்குப் பக்கத்துக் காடு."

மூடினேன். பதினைந்தாவது வளைவு தாண்டிய பிறகு, அண்ணன் மகள் வெளியே பார்த்துக்கொண்டே ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நீங்க வந்துருவாங்கன்னு சொன்னீங்க. அதான் நான் தேடாம இருந்தேன்."

அவள் கத்தியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

எட்டே முக்காலுக்கு எஸ்டேட் வாசலைத் தொட்டோம். கீழே ஓடைப் பக்கம் மூன்று டார்ச் வெளிச்சங்கள் தெரிந்தன. மேலாளர் தூரத்திலிருந்தே கத்தினார்.

"கிட்டி! ஆள் கிட்டி! பேசுறாங்க!"

ஏலத்தூர்களுக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டிய பள்ளத்தில் விழுந்திருந்தார். வேலை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, கடைசித் தூரில் வைத்த வாளியை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறார். பாறை வழுக்கிவிட்டது. வலது கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிந்திருந்தது. கூப்பிட்டிருக்கிறார். மழைச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியாக வண்டி கிளம்பும் சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது. கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காலெல்லாம் அட்டை. மகள் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்ததும் மதினி, "நீயுமா வந்த?" என்றார். பிறகு, "யாராச்சும் எண்ணிப் பாப்பாகன்னு கெடந்தேன் தம்பி" என்றார்.

தேனி அரசு மருத்துவமனையில் மூன்றாம் நாள், போனைக் கொண்டுவந்து கொடுத்த பெண்ணைச் சந்தித்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மலை வளைவில் வாந்தி வரும் என்பதால் முன்சீட்டு அவருக்கு. முன்சீட்டுக்கு ஈடாக, போன் பையைச் சுமப்பது அவர் பொறுப்பு. இதை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"என்ன போன் பை?" என்று கேட்டேன்.

"கட்டைப்பை அண்ணே. காலையில போனதும் எல்லாருடைய போனையும் பிளாஸ்டிக் தாள்ல சுத்தி அதுல போட்டு, சோறு திங்கிற கொட்டகையில மாட்டிருவோம். சாயங்காலம் எடுத்துட்டு வந்துருவேன்."

"கையில வச்சுக்க மாட்டீங்களா?"

அவர் மதினியைப் பார்த்தார். மதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"ஆபீசுலயா ஒக்காந்திருக்கோம், பக்கத்துல வச்சுக்கிற? ஏலத் தட்டைக்கு அடியில குனிஞ்சா மடியில இருந்து சேத்துல விழும். ஒரே மாசத்துல மூணு போனு செத்துப்போச்சு. அதுல இருந்து பைதான்."

"பட்டன் இருந்தப்ப?"

"அப்ப இன்னொரு சோலி இருந்துச்சு. ரெண்டு வண்டியும் நிக்கும். நான் பையத் தொறந்து ஒவ்வொரு போனா எடுத்துக் கூப்புடுவேன். ஆளு வந்து வாங்கி அமுக்கும். வராட்டி வண்டி நகராது. ஓட்டுறவரு கோவிச்சாலும் சரி. நீங்க பட்டனை எடுத்ததும் எனக்கு அந்தச் சோலி மிச்சம்னு சந்தோசமா இருந்துச்சு. மழையில பையத் தொறக்க வேணாம்ல? அப்படியே முன்சீட்டுல வச்சு, ஊருல வந்து குடுத்தாப் போதும். எல்லாரும் வெரசா ஏறிக்கிட்டோம். எம் மேலதான் தப்பு அண்ணே."

"உங்க மேல இல்ல" என்றேன்.

"அப்ப யாரு மேல? போன் மேலயா?" என்றார் மதினி, சுவரைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து அந்தப் பதினான்கு பக்கக் குறிப்பை எடுத்து வரிவரியாகப் படித்தேன். பேட்டரி எவ்வளவு போகும், மேகம் மூடினால் இடம் எத்தனை மீட்டர் தவறும், பழைய போன்களில் எப்படி ஓடும் என்றெல்லாம் இருந்தது. பை என்ற சொல் இல்லை. பதினொரு சோதனைப் பயணத்திலும் போன் என் சட்டைப்பையில் இருந்தது. என் போன் என்னை விட்டு ஒரு மணி நேரம்கூடப் பிரிந்ததில்லை என்பதால், மற்றவர்களுடையதும் பிரியாது என்று எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டு மாநாட்டில் என்ன அறிவித்தார்கள் என்பது மறுநாள் காலைக்குள் எனக்குத் தெரிந்துவிடும். ஒன்றரை மணி நேரத் தொலைவில் என் மதினி தன் போனை எங்கே மாட்டிவைக்கிறார் என்பது இரண்டு வருடமாகத் தெரியாது. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்.

பச்சைப் பட்டனைத் திருப்பிக் கொண்டுவர ஒன்பது நாள் ஆயிற்று. பழைய பதிப்பை அப்படியே ஏற்ற முடியாது. புதிய விதிகளுக்கு ஏற்ப மறுபடி எழுத வேண்டும். அந்த ஒன்பது நாளும் அவர்கள் என் செயலியைத் திறக்கவில்லை. பையைத் திறந்து கூப்பிட்டார்கள். ஒன்பதாம் நாள் நானே ஜீப்பில் ஏறிப் போனேன். கொட்டகைக் கம்பத்தில் பை தொங்குவதைப் பார்த்தேன். சாயங்காலம் முன்சீட்டுப் பெண் வண்டிக்கு முன்னால் நின்று ஒவ்வொரு போனாக வெளியே எடுத்தார். கூப்பிட்ட குரலுக்கு ஒருத்தி, "செத்தா போயிட்டேன், இந்தா வர்றேன்" என்று சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு சட்டென்று நின்றது.

எனக்கு அப்போதும் ஒரு யோசனை இருந்தது. "உங்க போன்ல மட்டும் எல்லாப் பேரும் வர்ற மாதிரி செய்யட்டுமா? அமுக்காத பேரு சிவப்பாத் தெரியும். ஒரே பார்வையில கண்டுபிடிச்சிரலாம்" என்று அவரிடம் கேட்டேன்.

"வேணாம்ணே" என்றார் உடனே. "அதப் பாத்தா மூஞ்சியப் பாக்க மாட்டேன்."

அதை நான் செய்யவில்லை. அந்த மாதம் வாடிக்கையாளர், தானாக அறியும் வசதி எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். நடந்ததை முழுவதும் எழுதி அனுப்பினேன். போனை மனிதனாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும், அவருடைய ஆட்கள் போனை எங்கே வைக்கிறார்கள் என்று நேரில் பார்க்காமல் மேலே போக மாட்டேன் என்றும் எழுதினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. பிறகு வேறொருவருக்கு அந்த வேலையைக் கொடுத்துவிட்டதாகச் சுருக்கமாக ஒரு கடிதம் வந்தது.

தை கடைசியில் மதினியின் மாவுக்கட்டு பிரித்தாயிற்று. நடை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலமலைக்குப் போயிருந்தேன். மதினி மறுபடி மலைக்குப் போகப்போவதாகச் சொன்னார். மகள் கூடாது என்றாள். இருவரும் காலையிலிருந்து அதையே பேசிக்கொண்டிருந்தது வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்தது.

"வீட்டுலயே ஒக்காந்திருந்தா கால் இன்னும் மரத்துப் போயிரும்" என்றார் மதினி. "பள்ளத்துப் பக்கம் போக மாட்டேன். வாசலை ஒட்டி இருக்கிற காட்டுல காய் எடுக்கச் சொல்லியிருக்காரு மேலாளரு."

"போன தடவையும் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் மகள்.

மதினி என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ சொல்லு. ஒன் ஆப்ப நம்பிப் போகலாமா, வேணாமா? சுத்தி வளைக்காத."

மகள் என்னைப் பார்த்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"நம்ப வேணாம் மதினி" என்றேன். "அந்தப் பிள்ளை பையத் தொறந்து கூப்புடுதுல்ல, அத நம்பிப் போங்க. அது கூப்புடாத அன்னைக்கு வண்டியில ஏறாதீங்க, ஏறவும் விடாதீங்க. ஆப்பு வெறும் தபால்காரன். ஏறுனதைச் சொல்லும். ஏறாததைச் சொல்லாது."

"சரி. அப்ப போறேன்" என்றார் மதினி.

புதன்கிழமையிலிருந்து போகிறார். சாயங்காலம் அவருடைய செய்தி மற்றவர்களுடையதோடு எனக்கு வருகிறது. அது அவர் மகளுக்குப் போவதில்லை. ஐப்பசி வியாழக்கிழமை இரவே அவள் தன் போனிலிருந்து செயலியை எடுத்துவிட்டாள் என்பது பதிவில் தெரிகிறது. அவள் ஐந்தேகாலுக்கு முன்சீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, குரலைக் கேட்டுவிட்டு வைக்கிறாள். மறுபடி போட்டுக்கொள்ளச் சொல்லி நான் அவளிடம் கேட்கவில்லை.